புஜ் போகலாமா? தனுஷ்கோடியைப் பார்த்து வளர்ந்தவருக்கு ஒரு பதில்

மண்டபத்திலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார்: "பொங்கல் விடுமுறையோடு சில நாள் சேர்த்து அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் துவாரகை போகிறோம். அப்படியே புஜ்ஜுக்கும் போகலாம் என்று மகன் சொல்கிறான். 2001 பூகம்பத்தில் இடிந்து போன ஊர். இப்போது அங்கே பார்க்க என்ன இருக்கிறது? அத்தனை பேர் செத்த இடத்துக்குச் சுற்றுலா போவது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. தனுஷ்கோடியில் நடக்கும் கூத்தைப் பார்த்துப் பார்த்து வந்த கூச்சம் அது. எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்?"

தாராளமாகப் போங்கள் சார். நான் பாம்பன்காரன், கட்டட வேலை. காந்திதாம் பக்கம் வேலை பார்த்த காலத்தில் புஜ்ஜுக்கு அடிக்கடி போய்வந்தவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. சர்ச் சுவரில் ஏறி நின்று படம் எடுப்பது, முருகைக்கல்லைப் பெயர்த்து ஞாபகத்துக்கு என்று பையில் போட்டுக்கொள்வது, ரயில் கவிழ்ந்த இடம் எது என்று சிரித்துக்கொண்டே கேட்பது, இதையெல்லாம் நாம் தினம் பார்க்கிறோம். ஆனால் புஜ் அப்படிப்பட்ட இடமே இல்லை. அங்கே இடிபாடு பார்க்கப் போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். அது கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் வண்டி நெரிசலும் உள்ள, ஆட்கள் வாழ்கிற ஊர், குஜராத்தில் கச் மாவட்டத்தின் தலைநகர். அங்கே பார்க்க வேண்டியது, இடிந்த ஒரு ஊரை அதே இடத்தில் எப்படி மறுபடி கட்டினார்கள் என்பதைத்தான். தனுஷ்கோடியில் நமக்குக் கிடைக்காத காட்சி அது. அதனால் நம்மூர்க்காரர் ஒருவர் அதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும். 2001 ஜனவரி 26, குடியரசு தினம், காலை 8.46. பச்சாவ் பக்கத்தில் சோபாரி என்ற கிராமத்துக்கு அருகே மையம். அளவு 7.7. குஜராத் முழுவதும் அரசுக் கணக்கில் செத்தவர்கள் 13,800-க்கும் மேல். பச்சாவ், அஞ்சார், ராபர், புஜ் நான்கு ஊர்களும் சிதைந்தன. கச்சுக்குப் பூகம்பம் புதிதல்ல. 1819-இல் வந்த பூகம்பத்தில் ரண் என்கிற உப்புச் சமவெளியில் தரையே மேடேறி ஒரு நீண்ட கரை போல நின்றுவிட்டது. அதற்கு இன்றும் அல்லா பந்த் என்று பெயர். சிந்த்ரி கோட்டை அப்போதுதான் தண்ணீருக்குள் போனது. 1956-இல் அஞ்சாரில் இன்னொன்று. நம்முடைய ராமநாதபுரம் கடற்கரையைப் பூகம்ப வரைபடத்தில் ஆபத்துக் குறைந்த மண்டலத்தில் வைத்திருக்க, கச்சை நெடுங்காலமாக ஆபத்து மிக அதிகமான மண்டலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். நமக்குப் பயம் காற்றும் கடலும். அவர்களுக்குக் காலுக்குக் கீழே.

அத்தனை பேர் சாகக் காரணம் அந்தச் சுவர்கள்தான். புஜ் கோட்டைக்குள் பழைய வீடுகள் கரடுமுரடான கல்லை மண்சாந்தில் அடுக்கிக் கட்டியவை. மேலே கனமான கூரை. நம் கொத்தனார்கள் லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே, சுற்றிலும் ஓட்டுகிற கான்கிரீட் பெல்ட் அந்தச் சுவர்களில் கிடையாது. நான்கு சுவரையும் சேர்த்துக் கட்டிப் பிடிக்க எதுவும் இல்லாததால், தரை ஆடியதும் ஒவ்வொரு சுவரும் தனித்தனியாக வெளியே சாய்ந்தது. வெளியே என்ன இருந்தது? இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப் போக வேண்டிய சந்து. வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள் மேல்தான் இரண்டு பக்கச் சுவரும் விழுந்தது. அப்புறம் அந்தச் சந்துக்குள் மீட்பு வண்டியும் நுழைய முடியவில்லை. அஞ்சாரில் இதைவிடக் கொடுமை. குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் ஒரு குறுகலான தெருவில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

அகமதாபாத் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கேயும் அடுக்குமாடிகள் விழுந்து 700 பேருக்கு மேல் செத்தார்கள். அவை புதிய கான்கிரீட் கட்டடங்கள். கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்து விட்டு, வெறும் பில்லர் மேல் நான்கைந்து மாடி ஏற்றியவை. பில்லருக்குள் நிமிர்ந்த கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங்கைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தால், ரிங்கின் நுனியை உள்ளே நன்றாக மடக்காமல் விட்டிருந்தால், ஆட்டத்தில் அது வாய் பிளந்துவிடும். கம்பி வெளியே பிதுங்கும். ராமநாதபுரத்திலும் மதுரையிலும் இன்று நாம் கட்டுவதில் பாதி இந்த மாதிரிதான். நமக்கு மண்டலம் சாதகம் என்பதால் ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, அது வேறு கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இடிந்த பிறகு முதலில் எழுந்த கேள்வி, இதே இடத்தில் கட்டுவதா, வேறு இடத்துக்குப் போவதா என்பது. கிராமங்களையே மொத்தமாக வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றுதான் அரசின் முதல் யோசனை இருந்தது. பெரும்பாலான கிராமங்கள் முடியாது என்றுவிட்டன. புஜ்காரர்களும் கோட்டைக்குள் இருந்த ஊரை விட மறுத்தார்கள். கோயில் அங்கே, மசூதி அங்கே, கடை அங்கே, கூடப்பிறந்தவன் வீடு பக்கத்துச் சந்தில். அதை விட்டுவிட்டுப் பொட்டலில் ஆளுக்கொரு கட்டம் எதற்கு என்றார்கள்.

அதே இடம் என்றால் அதே சந்துதானே? அங்கேதான் ஒரு வேலை செய்தார்கள். குஜராத்தில் 1915-இலிருந்தே பம்பாய் மாகாணக் காலத்து நகர அமைப்புச் சட்டம் ஒன்று பழக்கத்தில் உண்டு. ஒரு பகுதியில் உள்ள எல்லார் மனையையும் ஒன்றாகச் சேர்த்து, ரோட்டுக்கும் பொது இடத்துக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் புதிதாக அளந்து அவரவருக்குத் திருப்பிக் கொடுப்பது. கூட்டுக் குடும்பச் சொத்தைக் கலந்து மறுபடி பாகம் பிரிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக இதை ஊருக்கு வெளியே வெற்று வயல்களில் செய்வார்கள். புஜ்ஜில் இதைச் செத்தவர்களின் வீடுகள் கிடந்த இடத்தில், நெருக்கமான பழைய நகரத்துக்குள் செய்தார்கள். 30 சதுர மீட்டருக்கும் குறைவான மனை வைத்திருந்தவரிடம் எதையும் எடுக்கவில்லை. மனை பெரிதாகப் பெரிதாக எடுக்கும் பங்கும் ஏறியது, 35 சதவீதம் வரை. முடிந்தவரை பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே புது மனை. அப்படித்தான் கோட்டைக்குள் சுற்று ரோடுகளும் அகலமான தெருக்களும் வந்தன. இடம் போதாமல் வெளியே போக ஒப்புக்கொண்டவர்களுக்கு ராவல்வாடி, ஆர்.டி.ஓ. என்று புதுக் குடியிருப்புகள் போட்டார்கள்.

சொல்லும்போது இரண்டு பத்தியில் முடிந்துவிடுகிறது. நடந்தபோது ஊர்க்காரர்கள் தகரக் கொட்டகைகளில் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். வரைபடம் ஒவ்வொரு தடவை மாறும்போதும் சண்டை. எல்லாருக்கும் நியாயம் கிடைத்தது என்றும் சொல்ல மாட்டேன். சொந்த வீட்டுக்காரருக்குத்தான் மனையும் உதவித் தொகையும். வாடகைக்குக் குடியிருந்தவர்கள் பலர் பல ஆண்டுகள் நடுவில் நின்றார்கள். அவர்களுக்கு என்ன வழி என்று முதல் திட்டங்களில் யாரும் யோசிக்கவில்லை. புஜ்ஜை முழு வெற்றி என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் இதைக் கேளுங்கள்.

கிராமங்களில் வேறு மாதிரி நடந்தது. அதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. பணத்தைத் தவணை தவணையாக வீட்டுக்காரர் கையில் கொடுத்து, நீயே கட்டிக்கொள் என்றார்கள். பேஸ்மட்டம் வரை வந்ததும் பொறியாளர் வந்து பார்ப்பார், சரியாக இருந்தால் அடுத்த தவணை. லிண்டலில் பெல்ட், மூலைகளில் நிமிர்த்திய கம்பி, இவை இல்லை என்றால் பணம் நிற்கும். கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 1998-இல் காண்ட்லாவை அடித்த புயலுக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய கச் நவநிர்மாண் அபியான் என்ற கூட்டமைப்பு ஏற்கெனவே அங்கே இருந்ததால், ஊர் ஊராகத் தகவல் சொல்ல ஆள் இருந்தது. இப்படி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. வெளியிலிருந்து வந்து ஒரே அச்சில் வரிசையாக வீடு கட்டிச் சாவி கொடுத்த கிராமங்களும் உண்டு. வெளித்திண்ணையும் மாட்டுக்கு இடமும் இல்லாத வீட்டில் கச் விவசாயி என்ன செய்வான்? இரண்டு மாதிரிக் கிராமத்தையும் வழியில் பார்ப்பீர்கள், வித்தியாசம் சொல்லாமலே தெரியும்.

நம் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு. ரயில் நிலையம், துறைமுகம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம் என்று தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுகிற ஊராக இருந்தது தனுஷ்கோடி. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அதே புயலில் நொறுங்கிய பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தை அப்படியே விட்டார்கள். ஊரை விட்டது தப்பு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. பூகம்பம் போன பிறகு புஜ்ஜில் தரை இருந்தது. தனுஷ்கோடியில் தரையையே கடல் கொண்டு போயிருந்தது. இரண்டு பக்கமும் கடல் உள்ள மணல் திட்டில் மறுபடி ஒரு நகரம் கட்டச் சொல்லி எந்தக் கட்டடக்காரனும் கையெழுத்துப் போட மாட்டான். ஆனால் அங்கிருந்தவர்களை உட்கார வைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்களா என்றால், நம் பக்கத்துப் பெரியவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கடல் தொழிலை விட முடியாத குடும்பங்கள் இன்றும் ஓலைக் குடிசை போட்டு, மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் நல்ல தண்ணீர் இறைத்துக்கொண்டு அங்கேதான் இருக்கின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது. அதில் தினம் போகிற வண்டிகளில் பெரும்பாலானவை அந்தக் குடிசைகளைத் தாண்டித்தான் இடிபாட்டைப் பார்க்கப் போகின்றன.

சரி, புஜ்ஜில் எங்கே போவது?

காலையில் கோட்டைக்குள் நடங்கள். வண்டியை வெளியே விட்டுவிடுங்கள். அகலத் தெரு ஒன்றில் நடந்து, இடையில் வருகிற பழைய சந்து ஒன்றில் திரும்பினால் இரண்டு காலமும் அடுத்தடுத்துத் தெரியும். ஒரு பக்கம் 2001-க்குப் பிந்திய பில்லர் வீடு, ஒட்டினாற்போல மரச் செதுக்கல் பால்கனியோடு தப்பித்த பழைய வீடு. கல்சுவரில் விரிசலை அடைத்த சிமெண்ட் கோடு அப்படியே இருக்கும். வழிகாட்டி வேண்டாம், ஒரு டீக்கடையில் நின்று, தெரு எப்போது அகலமானது என்று இந்தியில் கேட்டால் போதும்.

பக்கத்திலேயே அரண்மனை வளாகம். ஆய்னா மகால் பதினெட்டாம் நூற்றாண்டில் ராவ் லக்பத்ஜி காலத்தில் கட்டியது. கட்டியவர் ராம்சிங் மாலம் என்ற கடலோடி. கப்பல் கவிழ்ந்து டச்சுக்காரர்கள் காப்பாற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக, அங்கே கண்ணாடி வேலையும் ஓட்டு வேலையும் கற்றுக்கொண்டு வந்தார் என்பது அந்த ஊர்க் கதை. பூகம்பத்தில் இந்த மகாலின் ஒரு பகுதி போய்விட்டது, மிச்சம் அருங்காட்சியகம். அடுத்து நிற்கும் பிராக் மகால் 1865-இல் தொடங்கிய இத்தாலிய கோதிக் பாணிக் கட்டடம். மணிக்கூண்டு மேல் ஏறினால் புது ரோடுகள் பழைய ஊரை எப்படி அறுத்துக்கொண்டு போகின்றன என்பது மேலிருந்து விளங்கும். அம்மாவைக் கீழே உட்கார வையுங்கள், படி அதிகம். அவர்களுக்கு ஹமிர்சர் ஏரிக்கரையும் சுவாமிநாராயண் கோயிலும் பிடிக்கும். பழைய கோயில் 2001-இல் சேதமாகி, சற்றுத் தள்ளிப் புதிதாகப் பளிங்கில் கட்டி 2010-இல் திறந்தார்கள். வேலைப்பாடு அபாரம். எனக்கு அந்தப் பளபளப்பு கொஞ்சம் அதிகம்தான்.

ஸ்மிருதிவனம் என்ற நினைவிடத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். புஜியோ மலையில் 470 ஏக்கரில் அமைத்து 2022 ஆகஸ்டில் திறந்தார்கள். மலைச்சரிவில் ஏறி ஏறிப் போகிற அருங்காட்சியகம், ஏழு பகுதி. பூமி எப்படி உடைகிறது என்பதிலிருந்து மறுகட்டுமானம் வரை பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும்படி வைத்திருக்கிறார்கள். தரை ஆடுவதைப் போல நடித்துக் காட்டும் ஓர் அறை உண்டு. இதயத் தொந்தரவு உள்ளவர்களும் வயதானவர்களும் அதைத் தவிர்ப்பது நல்லது. என்னைக் கேட்டால் பிள்ளைகளையும் அந்த அறைக்கு முன்னாலேயே தயார்படுத்துங்கள். பொருட்காட்சி ராட்டினம் மாதிரி கத்திச் சிரித்துக்கொண்டு வெளியே வரும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். மலை மேல் மழைநீரைத் தேக்க வரிசையாகச் சிறு தடுப்பணைகள் கட்டி, அவற்றின் சுவர்களில் செத்தவர்களின் பெயர்களைப் பதித்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடுபவர்கள் இதைப் பார்ப்பதில்லை. மேலே போங்கள். ஒரே குடும்பப் பெயர் கீழே கீழே வருவதைப் படித்துக்கொண்டே போகலாம்.

அஞ்சாரில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி நினைவிடம் இருக்கிறது, வீர் பாலக் ஸ்மாரக். உங்கள் பிள்ளைகளின் வயது எனக்குத் தெரியாது. சின்னவர்கள் என்றால் விட்டுவிடுங்கள். ஆசிரியர் என்ற முறையில் உங்களுக்கும் அது லேசாக இருக்காது. அந்த ஊர்வலத்தில் ஆசிரியர்களும் போனார்கள்.

பார்க்க முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புஜ்ஜின் பழைய பொது மருத்துவமனை பூகம்பத்தில் இடிந்து, அடிபட்டவர்களைத் திறந்தவெளியில் போட்டு வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று. அதற்குப் பதிலாகக் கட்டி 2004-இல் திறந்த மருத்துவமனையின் பில்லர்களுக்கு அடியில், ஈயத் தண்டு நடுவில் வைத்த ரப்பர் அடுக்குகள் இருக்கின்றன. தரை ஆடினால் அவை நெளிந்துகொடுக்கும், மேலே கட்டடம் மெதுவாக மட்டும் அசையும். கட்டடத்துக்கும் சுற்றுத் தரைக்கும் நடுவே அதற்கென்று இடைவெளி விட்டிருப்பார்கள். நோயாளிகள் இருக்கும் இடம், வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். ரோட்டில் போகும்போது மகனுக்குக் காட்டினால் போதும்.

அடுத்த நாள் அஜ்ரக்பூர். புஜ்ஜுக்குப் பக்கத்தில் உள்ள இந்தக் கிராமமே பூகம்பத்தால் பிறந்தது. அஜ்ரக் துணி அச்சடிக்கும் கத்ரி குடும்பங்கள் அதற்கு முன் தமட்கா என்ற ஊரில் இருந்தன. பூகம்பத்துக்குப் பிறகு அங்கே கிணற்றுத் தண்ணீரில் இரும்புச் சத்து ஏறிவிட்டது. குடிக்கிற தண்ணீருக்கு அது பெரிய சங்கதி இல்லை, சாயத்துக்குச் சாவு. ஏனென்றால் துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். அவர்கள் கறுப்புச் சாயம் செய்வதே அப்படித்தான்: பழைய இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்க வைத்து, அந்தக் கரைசலால் கோடு அச்சடிக்கிறார்கள். தண்ணீரிலேயே இரும்பு இருந்தால் துணி முழுக்க மங்கிப் போகும். அதனால் ஒரு பகுதியினர் தண்ணீர் நன்றாக உள்ள இடம் தேடி நிலம் வாங்கி, புது ஊர் போட்டார்கள். தமட்காவிலும் சிலர் இன்னும் தொழில் செய்கிறார்கள். அவுரித் தொட்டியில் முக்கி எடுக்கும்போது துணி பச்சையாக வரும், காற்றுப் பட்டதும் கண் முன்னால் நீலமாகும். பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். துணி வாங்குவதாக இருந்தால் அங்கேயே வாங்குங்கள், பேரம் பேசாமல். இதே பக்கம் கச் எம்பிராய்டரிக்கான நல்ல அருங்காட்சியகம் ஒன்றும், புஜோடி என்ற நெசவாளர் கிராமமும் உண்டு.

வெள்ளை ரண்ணுக்கு எல்லாரும் போகிறார்கள், நீங்களும் போவீர்கள், ஜனவரி அதற்குச் சரியான மாதம்தான். அனுமதிச் சீட்டுக்கு அடையாள அட்டை வேண்டும், எல்லாருடையதையும் எடுத்து வையுங்கள். வாலிநோக்கம் உப்பளம் பார்த்த கண்ணுக்கு உப்பு புதிதல்ல, அளவுதான் அதிசயம். எனக்கு அதைவிட முக்கியம் வழியில் வருகிற பன்னிப் புல்வெளி ஊர்களில் உள்ள, புங்கா என்று அங்கே சொல்கிற வீடுகள். வட்டமான மண்சுவர், கூம்புக் கூரை. 2001-இல் கான்கிரீட் விழுந்த மாவட்டத்தில் இவற்றில் பல நின்றன. வட்டச் சுவருக்கு மூலை கிடையாது. விரிசல் தொடங்குவதே மூலையில்தான். கூரையும் லேசு, விழுந்தாலும் ஆளைக் கொல்லாது. இதை வைத்து, மண்வீடுதான் உசத்தி என்று சிலர் பேசுவார்கள், நம்பாதீர்கள். மண்ணாலும் கல்லாலும் கட்டிய சதுர வீடுகள்தான் அங்கே அதிகம் விழுந்தன.

ஒரு நாள் மிஞ்சினால் மாண்ட்வி. பூகம்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. ருக்மாவதி ஆற்றங்கரையில் பெரிய பெரிய மரக்கப்பல்களை இன்னும் கையால் கட்டுகிறார்கள். வத்தையும் தோணியும் பார்த்து வளர்ந்த நம்மூர்க்காரனுக்கு அங்கே நேரம் போவதே தெரியாது. பாம்பனில் உட்கார்ந்து கட்டுமரம் பற்றிப் பேசுகிற மாதிரியே அந்த மிஸ்திரிகளோடு பேசலாம், பாதி சைகையில்.

நடந்துகொள்ளும் விதம் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்று யாரிடமும் கேட்காதீர்கள். அவர்களாகச் சொல்வார்கள், நாற்பது வயது தாண்டிய எவரிடமும், அன்று காலை எங்கே இருந்தேன் என்று ஒரு கதை இருக்கும். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லுங்கள். யாத்திரை வந்து போன ஒரு பாட்டி எல்லார் குடும்பத்திலும் உண்டு, பேச்சு தானாக வளரும். தனுஷ்கோடியைச் சொன்னால் இன்னும் கேட்பார்கள். ஜனவரி 26-ஐ ஒட்டிப் போனால் நினைவிடங்களில் குடும்பத்தார் வருவார்கள், அன்று கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். ஜனவரி 14 அங்கே உத்தராயண், காற்றாடித் திருவிழா. அன்றும் மறுநாளும் பல கடைகள் திறக்காது. ரோட்டில் குறுக்கே வரும் மாஞ்சா நூல் கழுத்தை அறுக்கும், பைக் வாடகைக்கு எடுக்க வேண்டாம். இரவில் நம் ஊர் மார்கழிக் குளிரை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அம்மாவுக்குக் கம்பளி கட்டாயம். சாப்பாடு கம்பு ரொட்டி, கிச்சடி, மோர், தெருவில் தாபேலி என்கிற உருளைக்கிழங்கு மசாலா வைத்த பன். மீன் இல்லாமல் சோறு இறங்காது என்பவர்கள் சில நாள் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். அருங்காட்சியகங்களின் வார விடுமுறை ஆளுக்கொரு நாள், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ராமேஸ்வரம்–ஓகா ரயில் துவாரகை வழியாகத்தான் போகிறது, வாரம் ஒரு தடவைதான். துவாரகையிலிருந்து கார் பிடித்து ஜாம்நகர், மோர்பி வழியாக சூரஜ்பாரி பாலம் தாண்டி பச்சாவ் பக்கமாக புஜ் போனால் ஒரு முழுப் பகல் ஆகும். பூகம்பம் மையம் கொண்ட பகுதியையே கடந்து போவீர்கள். திரும்பும்போது மறுபடி துவாரகை வர வேண்டாம். ராஜ்கோட்டுக்குப் பேருந்தில் வந்து அதே ராமேஸ்வரம் வண்டியில் ஏறலாம். அது தோதுப்படாவிட்டால் புஜ்ஜிலிருந்து அகமதாபாத்துக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து சென்னை. பொங்கல் சமயம் என்பதால் திரும்பும் டிக்கெட்டை முன்பதிவு திறந்த அன்றே போட்டுவிடுங்கள்.